அம்பாசடர் டிஸ்ட்ரிபியூட்டர்: புதுசு வாங்கலாமா, பழசுக்கே புஷ் போடலாமா?

கேள்வி, 6 மே 2023, காலை 9.40

அண்ணா வணக்கம், குடியாத்தத்துல இருந்து கேக்குறேன். தாத்தாவோட அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல், பழைய 1489 சிசி எஞ்சின். ஸ்லோவுல அழகா நிக்குது. ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சாலும் இழுக்குது. நடுவுல 40, 50ல ஒரே சீரா போகும்போதுதான் ஜெர்க் அடிக்குது, மிஸ்ஸிங். கார்பரேட்டர் கழுவியாச்சு, நாலு பிளக்கும் புதுசு. இங்க மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டர் போச்சு, புதுசு வாங்கினு வான்னு சொல்றார். வாங்கலாமா? நானே மாத்த முடியுமா?

6 மே, இரவு 10.15

வாங்காதீங்க. முதல்ல டிஸ்ட்ரிபியூட்டர் மூடியக் கழட்டி, உள்ள சுத்துற ரோட்டார உருவிட்டு, நடு ஷாஃப்ட ரெண்டு விரல்ல பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க. சுத்திப் பாக்கச் சொல்லல, ஆட்டிப் பாருங்க. கடகடன்னு ஆடினா, ஷாஃப்ட சுத்திப் பிடிச்சிருக்கிற வளையம், அதான் புஷ், தேஞ்சிருக்கு. புஷ் தேஞ்சா பாயிண்ட் கேப், அதாவது உள்ள கரண்ட வெட்டி விடுற பாயிண்ட் திறக்குற இடைவெளி, நிக்காது, நீங்க எவ்ளோ கரெக்டா வச்சாலும் ஓடும்போது அது மாறிக்கினே இருக்கும். நாளைக்கு விவரமா எழுதுறேன், இன்னைக்கு கரண்ட் இல்ல, வேர்த்து ஊத்துது.

7 மே, காலை 6.30

விவரம். என் கார் அப்பா வாங்கினது, 1978 மார்க் 3, எஞ்சின் உங்களுதுதான். 2019 மே மாசம், வேலூர் வெயில் தெரியும் இல்ல, 40 டிகிரிய தாண்டி அடிக்குது. காட்பாடில இருந்து ஆற்காடு போற வழியில வண்டி நின்னுச்சு. அரை மணி நேரம் மரத்தடியில போட்டேன், ஆறினதும் ஸ்டார்ட் ஆச்சு, மறுபடி வாலாஜா கிட்ட நின்னுச்சு. ஆறினா ஓடும் சூடானா நிக்கும்னா முதல்ல பாயிண்ட்டோட ஜோடியா இருக்கிற கண்டென்சர சந்தேகப்படணும், நானும் அதத்தான் மாத்தினேன். நிக்கிறது போச்சு. ஆனா மிஸ்ஸிங் அப்பிடியே இருந்துச்சு. பாயிண்ட் மாத்தினேன், மூடி மாத்தினேன், பிளக்குக்கும் காயிலுக்கும் போற எச்.டி. வயர் அஞ்சும் மாத்தினேன், காயில் மாத்தினேன், கடைசியா சத்துவாச்சாரில மெக்கானிக் பாய் கிட்ட கொண்டுபோனேன். அவர் வந்தார், மூடியத் தூக்கினார், விரல வச்சார், "இன்னா சார், ஷாஃப்ட் ஊஞ்சல் ஆடிக்கினு கீது, நீ சுத்தி சுத்தி எல்லாத்தையும் மாத்திகினு கீற"ன்னார். அஞ்சு நிமிஷம்கூட ஆகல. நான் ரெண்டு மாசம் செலவு பண்ண துட்டு எல்லாம் அந்த ஒரு விரல்ல முடிஞ்சுபோச்சு. அதனாலதான் நேத்து ராத்திரி அவசரமா எழுதினேன்.

எல்லாருக்கும் புரியட்டும்னு கொஞ்சம் சொல்றேன். டிஸ்ட்ரிபியூட்டருக்கு ரெண்டு வேலை. கீழ பாயிண்ட் திறந்து மூடி காயிலுக்குப் போற கரண்ட வெட்டி விடும், வெட்டுற நொடியிலதான் காயில்ல பெரிய வோல்ட் பொறக்குது. மேல ரோட்டார் அந்த வோல்ட்ட எடுத்து எந்த பிளக்குக்கு முறையோ அதுக்கு அனுப்பும். எஞ்சினோட கிராங்க் ஷாஃப்ட் ரெண்டு சுத்து சுத்தினா ரோட்டார் ஒரு சுத்து. இதுக்கு நடுவுல இன்னொரு வேலையும் ஒளிஞ்சு கிடக்கு, வேகத்துக்கும் லோடுக்கும் ஏத்த மாதிரி டைமிங்க, அதாவது ஸ்பார்க் அடிக்கிற நேரத்த, முன்னாடி தள்ளுறது. இதான் அட்வான்ஸ். வேகத்துக்கு உள்ள ரெண்டு வெயிட்டும் ரெண்டு ஸ்பிரிங்கும், லோடுக்கு வெளிய ஒட்டிக்கினு, எஞ்சின் உறிஞ்சுற இழுப்புல வேலை செய்யுற வேக்கம் டப்பா.

பாயிண்ட் கேப் 0.35ல இருந்து 0.40 மில்லிமீட்டர். நான் 0.38 வைப்பேன்.

7 மே, காலை 6.50

மேல ஒண்ணு விட்டுட்டேன். கேப் வைக்கும்போது பாயிண்ட்டோட குதிகால், ஷாஃப்ட்ல மேடு மேடா இருக்கிற கேமோட மேட்டுல ஏறி நிக்கணும், அப்பதான் முழுசா திறந்திருக்கும். சும்மா எங்கயாவது நிறுத்தி வச்சா கேப் தப்பாதான் வரும். பிளக் எல்லாத்தையும் கழட்டிட்டு ஹேண்டில் போட்டு மெதுவா சுத்துங்க, லேசா சுத்தும்.

9 மே, இரவு 8.00

கேள்வி கேட்ட குடியாத்தம் தம்பி போட்ட வீடியோ பாத்தேன். நல்லாவே ஆடுது. ரோட்டார் நுனி மூடில உரசின தடம்கூட தெரியுது. சரி, கழட்டலாம். நானே பண்ணலாமான்னு கேட்டீங்க இல்ல, தாராளமா பண்ணலாம், ஆனா இந்த வரிசையில பண்ணுங்க.

பேட்டரி ஒயர கழட்டுங்க. மூடியில எந்த வயர் எங்கன்னு சாக்பீஸ்ல எழுதுங்க, போட்டோவும் எடுங்க. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டருங்க வெடிக்கிற வரிசை, 1-3-4-2, ரேடியேட்டர் பக்கம் இருக்கிறது ஒண்ணாம் நம்பர். ரோட்டார் மேல இருந்து பாத்தா கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமா சுத்தும், வயரும் அதே திசையில 1, 3, 4, 2ன்னு உக்காரணும். அப்புறம் எஞ்சின ஒண்ணாம் சிலிண்டர் டி.டி.சி.க்கு, அதாவது பிஸ்டன் உச்சியில நிக்கிற இடத்துக்கு, கொண்டுவாங்க. வெறும் டி.டி.சி. பத்தாது, கம்ப்ரெஷன்ல வர்ற டி.டி.சி. ஒண்ணாம் பிளக் ஓட்டையில கட்டைவிரல் வச்சு அடைச்சுட்டு ஒருத்தர ஹேண்டில் சுத்தச் சொல்லுங்க, காத்து விரலத் தள்ளும். தள்ளும்போது கீழ புல்லியில இருக்கிற வெட்டையும் டைமிங் கவர்ல இருக்கிற முள்ளையும் ஒண்ணு சேருங்க. அது கீழ இருக்கு, படுத்துகினு டார்ச் அடிச்சாதான் தெரியும். வெட்டுல ஒரு சொட்டு வெள்ளை பெயிண்ட் வச்சுடுங்க, வாழ்நாளுக்கும் உதவும்.

இப்ப ரோட்டார் எந்தப் பக்கம் பாக்குதோ அதுக்கு நேரா பாடியில ஒரு கோடு. பாடிக்கும் பிளாக்குக்கும் நடுவுல இன்னொரு கோடு. வேக்கம் பைப்ப உருவுங்க, காயில்ல இருந்து வர்ற சின்ன ஒயர கழட்டுங்க, கிளாம்ப் போல்ட்ட லூஸ் பண்ணுங்க, நேரா மேல தூக்குங்க. வந்துடும்.

தூக்கினதுக்கு அப்புறம் யாரும் செல்ஃப் அடிக்கக் கூடாது. வீட்ல குழந்தைங்க இருந்தா சாவிய பாக்கெட்ல போட்டுக்குங்க.

9 மே, இரவு 11.20

மேல எழுதினதுல ஒரு திருத்தம், படிச்சுட்டு பாயே போன்ல சொன்னார். கிளாம்ப்ல ரெண்டு விதமான போல்ட் இருக்கு. ஒண்ணு டிஸ்ட்ரிபியூட்டர் கழுத்த இறுக்கிப் பிடிக்கிற போல்ட், இன்னும் ரெண்டு கிளாம்ப் தகட்டையே பிளாக்கோட பிடிக்கிறது. கழுத்து போல்ட்ட தொடாதீங்க. தகட்ட பிடிக்கிற ரெண்ட மட்டும் கழட்டி தகட்டோட சேத்து தூக்குங்க. அப்பிடி தூக்கினா டைமிங் கலையாது, திரும்ப அதே தகட்டோட உக்கார வச்சா அதே இடத்துல நிக்கும். நான் இத்தன வருஷம் கழுத்து போல்ட்ட லூஸ் பண்ணித்தான் எடுத்தேன், ஒவ்வொரு தடவையும் டைமிங் திரும்ப வச்சேன். தேவையே இல்லாத வேலை. உங்களுக்கு லேத்துக்குப் போகப்போகுது, அங்க தகட்ட கழட்டுவாங்க, அதனால டி.டி.சி. வேலை எப்பிடியும் பண்ணி வச்சுடுங்க.

இன்னொண்ணு. கீழ பாத்தா ஒரு பள்ளம் தெரியும், டிஸ்ட்ரிபியூட்டர் அடியில இருக்கிற நாக்கு அதுலதான் போய் உக்காரும். பள்ளம் சரியா நடுவுல இருக்காது, ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். அப்பிடித்தான் இருக்கணும், ஒரே ஒரு விதத்துலதான் உக்காரணும்னு வச்சிருக்கான். அந்த பள்ளம் இருக்கிற டிரைவ் கியர வெளிய எடுக்க போகாதீங்க. அத எடுக்கணும்னா 5/16 யு.என்.எஃப். மரை போட்ட நீள போல்ட் ஒண்ணு வேணும், அது தலையில மரையா இறக்கி சுத்திக்கினே தூக்கணும், திரும்ப வைக்கும்போது ஒரு பல்லு மாறினா போதும், எல்லாம் மாறும்.

11 மே, மதியம் 2.00

கேப் அளக்குற பீலர் கேஜ் இல்லன்னு ஆம்பூர்ல இருந்து ஒருத்தர் கேட்டார். பாய் பீலர் கேஜ் தொட்டு நான் பாத்ததே இல்ல. ஷேவிங் பிளேடு ஒண்ணு 0.1 மில்லிமீட்டர், நாலு சேத்து பிடிச்சா 0.4, பாயிண்ட்டுக்கு அதான் மேல் எல்லை. லேசா உரசிப் போனா போதும்பார். பிளக்குக்கு ஆக்ஸா பிளேடு, அது 0.025 இன்ச், புத்தகத்துல இருக்கிற கேப்பும் அதான். ஒருநாள் அவர் வச்சத என் கேஜ்ல அளந்தேன், சரியா இருந்துச்சு. இருந்தாலும் கேஜ் வாங்கிடுங்க, பிளேடு கைய அறுக்கும்.

காட்பாடி ஸ்டேஷன் வாசல்ல ஒரு காலத்துல வரிசையா அம்பாசடர்தான் நிக்கும். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வர்ற ஜனம், பெங்கால், அசாம், ஒடிசான்னு எங்கெங்கயோ இருந்து ரெண்டு நாள் ரயில்ல வந்து இறங்கும். ஒரு பெரியவர், கொல்கத்தா பக்கம், எங்கப்பா வண்டி பானெட்ட தடவிப் பாத்து உத்தர்பாரா உத்தர்பாரான்னு சொன்னது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. வண்டி அங்கதான் பொறந்துச்சு, 2014 வரைக்கும் அங்கதான் செஞ்சாங்க. அவர் மனைவிக்கு ஆபரேஷன். சொந்த ஊர்க்காரன பாத்த மாதிரி அந்த மனுஷன் கொஞ்ச நேரம் வண்டியோடவே நின்னார். அப்பா அவர்கிட்ட துட்டு வாங்கல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். தம்பி, கழட்டினா சொல்லுங்க.

14 மே, காலை 7.00

"புதுசு ஏன் வேணாம்னு காரணம் சொல்லல"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார், நியாயம்.

2019ல நான் ஒண்ணு வாங்கினேன். சென்னையில ஒரு கடை, பேர் வேணாம். பெட்டி பளபளன்னு இருந்துச்சு. மாட்டினேன், ஒரே தடவையில ஸ்டார்ட். ஸ்லோவுல தேன் மாதிரி. ஹைவேயில 60 தாண்டினா மூச்சு முட்டுது, பிக்கப்பே இல்ல. ஒரு வாரம் டைமிங்க முன்ன பின்ன தள்ளி பாத்துட்டு, கடைசியில பாய் புதுசையும் பழசையும் பக்கத்துல பக்கத்துல பிரிச்சு வச்சார். பழசுல ரெண்டு ஸ்பிரிங்கும் வேற வேற. ஒண்ணு மெல்லிசு, இறுக்கமா இருக்கு. இன்னொண்ணு தடிச்சது, கொக்கி நீளம், தொளதொளன்னு தொங்குது. புதுசுல ரெண்டும் ஒரே தடிமன், ரெண்டும் இறுக்கம்.

அந்த தொளதொள ஸ்பிரிங் கெட்டுப்போனது இல்ல. அப்பிடி இருக்கிறதுதான் அதோட வேலை. குறைஞ்ச வேகத்துல மெல்லிசு மட்டும் வெயிட்ட பிடிக்கும், அட்வான்ஸ் சீக்கிரமா ஏறும். கொஞ்சம் வேகம் ஏறினதும் தடிச்சது இறுகிப் பிடிச்சு ஏறுறத மெதுவாக்கும். நம்ம எஞ்சினுக்கு எவ்ளோ வேகத்துல எவ்ளோ அட்வான்ஸ்னு யோசிச்சு வச்ச கணக்கு அது. தொளதொளன்னு இருக்கேன்னு கொக்கிய நசுக்கி இறுக்குற மெக்கானிக் நிறைய பேர், தயவுசெஞ்சு விடாதீங்க. கேமுக்கு அடியில ஒரு நம்பர் அடிச்சிருக்கும், அது டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி, கிராங்க்ல ரெண்டு மடங்குன்னு எடுத்துக்கணும்.

அதனால புதுசுன்னா என் கணக்குல புது பாடி, புது புஷ், ஆனா யாரோ ஒருத்தரோட கணக்கு. பழசுன்னா தேஞ்ச புஷ், ஆனா நம்ம எஞ்சினோட கணக்கு. புஷ் போட முடியும், கணக்கு போட முடியாது. இதான் காரணம். இந்த டிஸ்ட்ரிபியூட்டர் செஞ்ச லூகாஸ் டிவிஎஸ் கம்பெனி, சென்னை பாடிங்கிற ஊர்ல 1961ல ஆரம்பிச்சது, அந்த பழைய பீஸ்ங்க வார்ப்பு இன்னைக்கும் கெட்டியா இருக்கு, தூக்கி பழைய இரும்புக்குப் போடாதீங்க.

15 மே, இரவு 9.30

எலக்ட்ரானிக் கிட் பத்தி மூணு பேர் கேட்டாச்சு. கெட்டது இல்ல. பாயிண்ட்டும் கண்டென்சரும் போய் மேக்னெட் வச்ச மாடியூல் வரும், தேய்மானம் இல்ல, ஷாஃப்ட் கொஞ்சம் ஆடினாலும் பாயிண்ட் அளவுக்கு கெட்டுப்போகாது. ஆனா கீ ஆன் பண்ணி வண்டி ஓடாம அப்பிடியே விட்டா சில மாடியூல் சூடாகி போயிடும். போனா ரோட்ல ஒண்ணும் பண்ண முடியாது, பாயிண்ட்ட உப்புத்தாள்ல தேச்சு வீடு வந்து சேந்தவன் நான். போடுறவங்க போடுங்க, பழைய பாயிண்ட் தட்ட செட் பண்ணி டிக்கியில வச்சுக்குங்க.

காயில்ல ரெண்டு முனை, பேட்டரி மைனஸ் பாடியில மாட்டின நெகட்டிவ் எர்த் வண்டின்னா டிஸ்ட்ரிபியூட்டர் ஒயர் மைனஸ் பக்கம். மாத்தி கொடுத்தா வண்டி ஓடும், ஆனா ஸ்பார்க் மந்தமா இருக்கும், வெயில்ல தெரியாது, மழையில தெரியும். மழைன்னதும் ஞாபகம் வருது, 2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுச்சே, அப்ப என் வண்டி மூடிக்குள்ள ஈரம் போய் ஒரு காலை முழுக்க ஸ்டார்ட் ஆகல. உள்ள துணியால துடைச்சு, அடுப்பு பக்கத்துல அரை மணி வச்சு மாட்டினேன், எடுத்துக்கிச்சு. பாலாத்துல தண்ணி பாக்குற சந்தோஷத்துல அன்னைக்கு எனக்கு கோவமே வரல.

20 மே, மாலை 5.00

தம்பி நேத்து கழட்டி எடுத்துகினு பஸ்ல காட்பாடி வந்துட்டார். ரெண்டு பேரும் ராணிப்பேட்டை போனோம். அங்க ஒரு லேத் பட்டறை, பெரியவர் ஒருத்தர், கம்பெனி வேலையில இருந்து ரிட்டையர் ஆனவர், தோல் தொழிற்சாலை மெஷினுக்கெல்லாம் புஷ் போடுறவர். ஷாஃப்ட்ட மைக்ரோ மீட்டர்ல அளந்தார், ஷாஃப்ட் தேயல, புஷ்தான் முட்டை மாதிரி ஆயிருக்கு. நல்ல சேதி.

புது புஷ் எண்ணெய் உறிஞ்சுற வெண்கலம். போடுறதுக்கு முன்னாடி எஞ்சின் ஆயில்ல 24 மணி நேரம் ஊற வைக்கணும், அவசரம்னா 100 டிகிரி சூட்டு எண்ணெயில ரெண்டு மணி நேரம், அப்புறம் எண்ணெயோடவே ஆற விடணும். பெரியவர் "நாளைக்கு வா"ன்னுட்டார், அவசரமே வேணாம்னு சொல்லிட்டார். அந்த ஒரு வார்த்தையிலயே எனக்கு அவர் மேல நம்பிக்கை வந்துடுச்சு.

22 மே, இரவு 10.40

மாட்டினோம். குடியாத்தத்துல அவர் வீட்டு வாசல்ல. செல்ஃப் அடிச்சா கார்பரேட்டர்ல டப்புன்னு வெடி, சைலன்ஸர்ல டமார்னு வெடி, ஸ்டார்ட் ஆகல. பக்கத்து வீட்டு ஆயா வெளிய வந்து பாத்துட்டு போச்சு. பாடிக்கும் பிளாக்குக்கும் போட்ட கோடு சரியா இருக்கு, வயர் சரி, டி.டி.சி. சரி, கம்ப்ரெஷன் சரி. டிரைவ் கியர் ஒரு பல்லு மாறிடுச்சோன்னு நினைச்சேன், ஆனா அத நாங்க தொடவே இல்ல. ராத்திரி ஆயிடுச்சு, விட்டுட்டு வந்துட்டேன். தூக்கம் வருமான்னு தெரியல.

23 மே, காலை 5.45

விடியக்காலம் பளிச்சுன்னு தோணிச்சு. நாக்கு! புஷ் போட ஷாஃப்ட உருவணும், உருவ அடியில நாக்கோட ஆணிய தட்டி எடுக்கணும், திரும்ப போடும்போது நாக்கு அரை சுத்து மாறி போயிருக்கணும். நாக்கு ஓரமாதான் இருக்கு, பள்ளமும் ஓரமாதான் இருக்கு, ரெண்டும் ஒரே விதத்துலதான் உக்காரும், அதனால நாம போட்ட கோட்டுல பாடி சரியா உக்காந்துடுச்சு, ரோட்டார் மட்டும் ஒண்ணுக்கு பதிலா நாலாம் நம்பர பாத்துகினு நிக்குது. ஒண்ணுக்கு நேர் எதிர் நாலு, மூணுக்கு நேர் எதிர் ரெண்டு. வெடிக்காம என்ன பண்ணும்.

தம்பிக்கு போன் பண்ணி ரோட்டார பாருன்னேன். "அண்ணா, நாலாம் நம்பர் பக்கம்தான் பாக்குது"ன்னார்.

அவசரத்துக்கு மூடில வயர 1ஐ 4 இடத்துலயும், 3ஐ 2 இடத்துலயும் மாத்தி போட்டா ஓடும். போட்டார், ஓடுச்சு. ஆனா அப்பிடியே விடக்கூடாது, அடுத்த மெக்கானிக் புத்தகத்த பாத்து வயர மாத்துவான். திரும்ப ராணிப்பேட்டை போய் நாக்க சரியா ஆணி அடிச்சு வாங்குங்க. பெரியவர் மேல கோவப்படாதீங்க, கழட்டும்போது ரோட்டார் வெட்டுக்கும் நாக்குக்கும் சேத்து ஒரு கோடு போடச் சொல்ல வேண்டியது நான், சொல்லல.

24 மே, இரவு 8.15

நாக்கு சரியாச்சு. டைமிங் வைக்கிறது: 12 வோல்ட் பல்பு ஒண்ணு, ரெண்டு ஒயர். ஒரு முனை டிஸ்ட்ரிபியூட்டர்ல சின்ன ஒயர் மாட்டுற இடத்துல, இன்னொண்ணு பாடி எர்த்துல. புல்லி வெட்ட கம்ப்ரெஷன்ல உங்க புத்தகம் சொல்ற டிகிரி முள்ளுக்கு நேரா நிறுத்துங்க. கீ ஆன். கழுத்து போல்ட்ட லேசா லூஸ் பண்ணி பாடிய முதல்ல ரோட்டார் சுத்துற திசையில கொஞ்சம் திருப்புங்க, பல்பு அணையும். அப்புறம் எதிர் திசையில மெதுமெதுவா திருப்பிக்கினே வாங்க, பல்பு எரிஞ்ச அந்த நொடியில நிறுத்தி இறுக்குங்க. பாயிண்ட் திறக்குற நொடி அதான். சுத்துற திசைக்கு எதிரா திருப்பினா அட்வான்ஸ், கூடவே திருப்பினா ரிட்டார்ட், அதாவது ஸ்பார்க் பின்னாடி போகும், இத மனசுல வச்சுக்குங்க.

பாயிண்ட் கேப் முதல்ல, டைமிங் அப்புறம். கேப்ப மாத்தினா டைமிங்கும் மாறும்.

27 மே, இரவு 11.00

தம்பி போன் பண்ணார். ஸ்டார்ட் அருமை, ஸ்லோ அருமை, ஷாஃப்ட் அசையல. ஆனா 40, 50ல மிஸ்ஸிங் இன்னும் இருக்கு.

எனக்கு மனசு ரொம்ப சங்கடமா போச்சு. அவர் செலவு பண்ணார், ரெண்டு தடவை ராணிப்பேட்டை அலைஞ்சார், என் பேச்ச கேட்டு.

28 மே, காலை 6.10

மேல போய் 6ஆம் தேதி கேள்விய திரும்ப படிச்சேன். "ஸ்லோவுல அழகா நிக்குது. ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சாலும் இழுக்குது. நடுவுல 40, 50ல ஒரே சீரா போகும்போதுதான்." பதில் அதுலயே இருக்கு. நான் என் 2019 கதைய மனசுல வச்சுக்கினே படிச்சேன், அவர் கதைய படிக்கல.

ஸ்லோவுல, அதாவது ஆக்சிலேட்டர் மிதிக்காம எஞ்சின் சும்மா ஓடும்போது, வேக்கம் டப்பாவுக்கு இழுப்பு வராது, பைப்பு கார்பரேட்டர்ல ஆக்சிலேட்டர் மிதிச்சா திறக்குற த்ராட்டில் தகடு மூடினா வெளிப்பக்கமா இருக்கிற ஓட்டையில இருந்து வருது. முழுசா மிதிச்சா எஞ்சின்ல இழுப்பே குறைஞ்சுடும். நடுவுல சீரா போகும்போதுதான் டப்பா முழுசா இழுக்கும், உள்ள பாயிண்ட் தட்டு நகரும். தட்டு நகரும்போது மட்டும் மிஸ்ஸிங்னா, தட்டோட சேந்து நகர்ற ஏதோ ஒண்ணு அறுந்திருக்கு. அங்க ரெண்டே ரெண்டு ஒயர்தான் நகரும். பாயிண்ட்டுக்கு வர்ற சின்ன ஒயர், அப்புறம் தட்ட பாடியோட எர்த்துக்கு சேக்குற துணி சுத்தின குட்டி ஒயர்.

தம்பி, வேக்கம் பைப்ப உருவி, கார்பரேட்டர் பக்கம் முனைய அடைச்சுட்டு ஓட்டிப் பாருங்க. மிஸ்ஸிங் போனா இதான்.

28 மே, மதியம் 1.30

போச்சாம்! பைப்ப உருவினா 50ல வழுக்கிக்கினு போகுதாம்.

29 மே, இரவு 7.50

நானே போனேன். மூடியத் திறந்து வேக்கம் பைப்புல வாய் வச்சு உறிஞ்சினேன், தட்டு நகர்ந்துச்சு, எர்த் ஒயர் துணிக்குள்ள ரெண்டா பிரிஞ்சு நிக்குது. துணி மட்டும்தான் பிடிச்சிருக்கு, உள்ள இருக்கிற செம்பு அறுந்துபோச்சு. நேரா நிக்கும்போது ரெண்டு நுனியும் தொட்டுக்குது, இழுத்தா விலகுது. விரல் நீளம்கூட இல்ல அந்த ஒயர். புது ஒயர் போடும்போது கெட்டி செம்பு ஒயர் போடாதீங்க, ஒரு மாசத்துல மறுபடி அறுந்துடும், மெல்லிசு இழை நிறைய இருக்கிற வளையுற ஒயரா பாத்து போடணும். பழைய டெலிபோன் ரிசீவர்ல வர்ற சுருள் ஒயர் மாதிரி மெத்து. நாங்க ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில வாங்கி, ரெண்டு பக்கமும் சால்டர் வச்சு போட்டோம்.

ஷாஃப்ட் ஆடினது நிஜம், புஷ் போட்டது வீண் இல்ல, அது இன்னைக்கு இல்லன்னாலும் ஆறு மாசத்துல படுத்திருக்கும். ஆனா மிஸ்ஸிங்குக்கு காரணம் அது இல்ல. இத படிக்கிறவங்க வரிசைய மாத்திக்குங்க: முதல்ல வேக்கம் பைப்ப உருவி ஓட்டிப் பாருங்க, அப்புறம் மூடியத் திறந்து ஒயர் ரெண்டையும் விரலால இழுத்துப் பாருங்க, அதுக்கப்புறம் ஷாஃப்ட ஆட்டுங்க. 6ஆம் தேதி ராத்திரி நான் எழுதின முதல் வரி "வாங்காதீங்க", அது இப்பவும் சரி. ரெண்டாவது வரி தப்பு.

பாய்க்கு சொன்னேன். "ஒயரா? அத்த நான் மூடி தொறந்த ஒடனே பாப்பேனே, சார் என்னாண்ட கேக்கவே இல்லயே"ன்னார்.

4 ஜூன், இரவு 9.00

இன்னைக்கு ரெண்டு வண்டியும் ஏலகிரி போச்சு. தம்பி குடியாத்தத்துல இருந்து, நான் காட்பாடில இருந்து, ஆம்பூர்ல சேந்துகினோம். பொன்னேரில இருந்து 14 கொண்டை ஊசி வளைவு. அட்வான்ஸ் பாக்க மலையவிட நல்ல இடம் இல்ல, ரெண்டாவது கியர்ல ஏத்தத்துல மிதிச்சா எஞ்சின் உள்ள கிணிகிணின்னு கூழாங்கல் உருட்டுற சத்தம் வந்தா அட்வான்ஸ் அதிகம். மூணாவது வளைவுல அவர் வண்டி கிணிகிணின்னுச்சு. ஓரமா நிறுத்தி, வேக்கம் டப்பா பக்கத்துல இருக்கிற பல்லு வச்ச சின்ன நட்ட ரிட்டார்ட் பக்கம் சில கிளிக் திருப்பினோம். அடுத்த வளைவுல சத்தம் இல்ல. ஸ்பேனரே வேணாம் அதுக்கு. மேல போற வரைக்கும் ஒரு தடவைகூட ஜெர்க் இல்ல. அவங்க பாட்டி பின் சீட்ல வந்தாங்க, தாத்தா இருக்கும்போது கடைசியா ஏலகிரி வந்ததாம். மேல இறங்கினதும் பானெட்ட தொட்டு கும்பிட்டாங்க.

5 ஜூன், காலை 7.15

கேட்டவங்களுக்கு: ரோட்டார உருவினா அடியில ஒரு ஸ்குரு தலை தெரியும், அதுல ரெண்டு சொட்டு எண்ணெய், கேம் மேல துளி கிரீஸ், 5000 கிலோமீட்டருக்கு ஒருக்கா. பாயிண்ட் மேல எண்ணெய் படக்கூடாது.

டிரைவ் கியர் எடுக்குற 5/16 நீள போல்ட் என்கிட்ட ஒண்ணு இருக்கு. வேலூர் சுத்துவட்டாரத்துல யாருக்காவது வேணும்னா காட்பாடி வந்து எடுத்துக்குங்க, வேலை முடிஞ்சதும் திருப்பிக் குடுங்க, அடுத்தவங்களுக்கு வேணும்.